கல்தூசி அடைத்த போனிலிருந்து அப்பாவின் குரல்

எங்கள் வீட்டுக் கூடத்து மேசையின்மேல் ஒரு போனும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் அம்மா வைத்துவிட்டுப் போன காபி ஆறிக்கொண்டிருந்தது. போன் கம்ப்யூட்டரைத் தேடியது. கம்ப்யூட்டர் போனைத் தேடியது. இரண்டின் திரையிலும் ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றிவிட்டு, பக்கத்தில் எந்தக் கருவியும் இல்லை என்று முடிவாகச் சொன்னது. சற்று முன்புதான் அதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, நெதர்லாந்தில் என் மகன் பள்ளிக்கூடம் கிளம்புவதை என் போனில் பார்த்திருந்தேன். அவன் வாயோரம் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை கடல் தாண்டி ரொட்டித் துணுக்கு வந்து சேருகிறது, ஒரு காபி டம்ளரைத் தாண்டி ஒரு வீடியோ வர மாட்டேன் என்கிறது. என்னைப் போல வெளிநாட்டில் குடித்தனம் வைத்துக்கொண்டு லீவுக்கு லீவு ஊருக்கு ஓடி வருகிறவர்களுக்கு என் எரிச்சல் புரியும். ஊரிலேயே இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தோவன் என்ற ஊரில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரி, அப்புறம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு என்று அன்றிலிருந்து அவர் பக்கத்திலேயே இருந்தேன். வலது கையும் காலும் மெல்ல மெல்ல வழிக்கு வந்துகொண்டிருந்தன. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. தான் சொல்ல வேண்டியதும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாய்க்கு வரும்போது அது "ஆங்... ஆங்..." என்று மட்டும் வந்தது. சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிப் போய் வந்தோம். ஒருமுறை அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி நான் சொல்லித் தந்தா அவருக்குக் கோவம் வருது மேடம். நல்லா இருந்தப்ப அவர் பேசின வீடியோ ஏதாவது இருக்கா? பெரிய ஸ்கிரீன்ல, சத்தமா வெச்சு, தினமும் போடுங்க. தான் பேசறதைப் பார்த்துக் கூடவே வாயசைக்கட்டும். போன்ல காட்டாதீங்க, சின்னதா இருக்குதுன்னு மூஞ்சியத் திருப்பிக்குவார். தள்ளிப் போடாதீங்க. நாளாக நாளாகப் பேச்சு வர்றது கஷ்டம்" என்றார்.

என் லீவும் முடியப் போகிறது. அலுவலகத்தில் இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது. நான் விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பா வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. அப்பா ரிக் வண்டி வைத்திருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு கர்நாடகா, ஆந்திரா, அதற்கும் வடக்கே பெயர் தெரியாத ஊர்கள் என்று வருடத்தில் பாதியை வெளியூரில் கழித்தவர். நான் வெளிநாடு போகிறேன் என்றபோது எங்கள் வீட்டில் பெரிய அழுகை எதுவும் நடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் மாதக்கணக்கில் வண்டியோடு போயிருப்பார்கள். நான் விமானத்தோடு போனேன் என்று எடுத்துக்கொண்டார்கள். போனில் கேமரா வந்த பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு போர்க்கிணறு முடியும்போதும் வண்டிக்கு முன்னால் நின்று, கம்ப்ரசர் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி வீடியோ எடுத்துக்கொள்வார். "முன்னூறு அடி வரைக்கும் வெறும் பொகைதானுங்க. பொறவு ஈரம் காட்டுச்சு. இப்பப் பாருங்க, தண்ணி எப்படி அடிக்குதுன்னு! தோட்டத்துக்காரரு மூஞ்சியப் பாருங்க!" என்பார். பின்னால் வெள்ளை நீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். வண்டியை விற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோயில் பொங்கல், தோட்டத்துத் தட்டப்பயிர், வாசலில் வந்து படுக்கும் நாய் எல்லாவற்றுக்கும் அதே கத்தல்தான். எதையும் யாருக்கும் அனுப்ப மாட்டார். எல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே கிடந்தன.

போன் வாய் முழுக்கக் கல்தூசி. பாறையைத் துளைக்கும்போது எழும் அந்த மாவுத் தூசி வருடக்கணக்காகச் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் போய்ச் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. ஒரு பழைய பஸ் டிக்கெட்டை மடித்துக் கீழே முட்டுக் கொடுத்தால் சார்ஜ் ஏறும். ஒயர் போட்டுப் படங்களை எடுக்கலாம் என்றால் கம்ப்யூட்டருக்கு அங்கே ஒரு போன் இருப்பதே தெரியாது. திருச்செங்கோட்டு மொபைல் கடையில் காட்டினேன். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது போனுங்களா, இல்ல கிரஷர் மெசினுங்களா? பிரிச்சு மாத்திக் குடுத்தர்றன். ஆனா உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சரி, ஒயர் வேண்டாம், காற்றிலேயே அனுப்பிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்த நேரம் சரியில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். பெரிய வீடியோக்களைச் சுருக்கி, அப்பா முகத்தைக் கட்டம் கட்டமாக்கிக் கொடுத்தது. வாயசைப்பு தெரியாத வீடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இணையத்தில் ஏற்றிவிட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர் லைனில் இறங்குவது வெள்ளமாக இறங்கும், ஏறுவது எறும்பாக ஏறும். பாதியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. பிறகு என் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்தேன். வெளியிலிருந்து எந்தக் கோப்பும் உள்ளே வரக் கூடாது என்று அதற்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தோவனில் கம்ப்யூட்டர் பிரச்சினைகளைப் பார்க்கும் இளைஞனைக் கூப்பிட்டேன். தங்கமான பையன், பொறுமையாகக் கேட்டான். என் அப்பாவின் குரல் பதிவுகளை எடுத்துக்கொள்ள ஒரு நாள் மட்டும் அனுமதி வேண்டும் என்றேன்.

"உங்கள் அப்பா எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்?" என்று கேட்டான்.

"பிரிவு எதுவும் இல்லை. அவர் பூமியில் துளை போட்டுக்கொண்டிருந்தவர்."

"அப்படியானால் வெளி ஒப்பந்தக்காரர். அவருடைய மேலாளர் எனக்கு ஒரு மெயில் போட்டால் போதும்."

அப்பாவுக்கு மேலாளர் அம்மாதான், அவருக்கு மெயில் போடத் தெரியாது என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத காரியம் என்று கடைசியில் புரிந்துகொண்டு, மிகவும் வருந்துகிறேன், நல்ல நாளாக அமையட்டும் என்றான். அங்கே எல்லாமே இப்படித்தான். கேட்டால்தான் கிடைக்கும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். பக்கத்து மேசையில் இருப்பவள் ஒரு புகைப்படம் அனுப்புவதற்குக்கூட, இப்போது அனுப்பினால் உனக்குச் சௌகரியமா என்று கேட்பாள். சரி என்பேன். மறு நொடியில் படம் என் திரையில் இருக்கும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருடைய வைஃபை பெயர் தெரியும். ஒரு பூனையின் பெயர் வைத்திருக்கிறார். ஒருநாள் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக ஞாபகம் வந்தது, வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டர். ரிக் ஆபீஸ் நடத்திய காலத்தில் அப்பா வாங்கியது. அதற்குத் தூசி தட்டி, வைஃபை பிடிக்கும் சின்னக் குச்சி ஒன்றை வாங்கிச் செருகி, போனிலிருந்து கோப்புகளை வாங்கும் ஆப்பையும் போட்டேன். அதற்குள் அப்பா போன் சார்ஜ் இறங்கி அணைந்து, மறுபடி எழுந்தபோது பூட்டிக்கொண்டது. அதுவரை அவர் கை ரேகையில் திறந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டை விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். பாறைத் தூசியில் தேய்ந்துபோன ரேகை, இந்த முறை திறக்கவில்லை. புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டுத் திறக்கும் வழி ஒன்று இருந்தது. அப்பாவிடம் நீட்டினேன். வராத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் போட்டார், தப்பு. மறுபடி போட்டார், தப்பு. கோடு என்ன என்று அவருக்குத் தெரியும். அதை வாயால் சொல்லவும் முடியவில்லை, கையால் போடவும் முடியவில்லை. போனைத் தூக்கி எறியப் போனார், நான் பிடித்துக்கொண்டேன். சமையல்கட்டிலிருந்து வந்த அம்மா, "கோவுரமாட்ட மேல போயிட்டு எறங்கி வருவாரு சாமி, நான் பார்த்திருக்கறன்" என்றார். கோபுரம் போட்டேன், திறந்தது. இதை முன்பே சொல்வதற்கென்ன என்று அம்மா மேல் எரிந்து விழுந்தேன். "நீ கேட்டியா? நீயும் உங்கப்பனும் பேசாமயே முட்டிக்கிட்டு இருந்தா நான் என்னத்தக் கண்டன்?" என்று அவரும் கத்திவிட்டுப் போனார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு சாண் இடைவெளி, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்றது, இருந்தன. புளூடூத்தை எழுப்பச் சொன்னது, எழுப்பினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன். என் வேலையில் மற்றவர்களுக்கு நான் தினமும் சொல்லும் அத்தனை யோசனைகளையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை எவ்வளவு கடுப்பேற்றும் யோசனைகள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று போன் திரையில் ஒரு பெயர் முளைத்தது. செல்லாண்டியம்மன் துணை.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. செல்லாண்டியம்மன் எங்கள் குலதெய்வம். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் கேட்டபோது, ரிக் வண்டியின் நெற்றியில் எழுதியிருந்ததையே அதற்கும் வைத்திருந்தார் எங்கள் பழைய கணக்குப்பிள்ளை. எங்கள் ஆட்களுக்குப் பெயர் வைப்பதில் குழப்பமே கிடையாது. லாரி, கோழிப்பண்ணை, அரிசி மூட்டை எதுவாக இருந்தாலும் குலசாமி பெயர்தான். எல்லா வீடியோக்களையும் தேர்ந்தெடுத்து, செல்லாண்டியம்மனைத் தொட்டேன். ஏற்றுக்கொண்டது! பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அப்பா என்னவோ சொல்ல வந்தார். "ஆங்... ஆங்..." என்று இடது கையை மேற்குப் பக்கம் நீட்டினார். ஜன்னலில் வெயில் அடிக்கிறதாக்கும் என்று சாத்தினேன். தலையை ஆட்டினார். பாத்ரூம் போக வேண்டுமா என்றேன். கையை இன்னும் வேகமாக நீட்டினார். அம்மாவைக் கூப்பிட்டேன். "நடுமுதுகு நமைக்குதாட்ட இருக்குது" என்று அம்மா சொறிந்துவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பச்சைக் கோடு கடைசி வரை போய், அனுப்பியாகிவிட்டது என்று வந்தது. ஆசையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் தேடினேன். காலிப் பெட்டிதான். அத்தனை வீடியோவும் போன இடம் தெரியவில்லை. நான் மேசையைக் கையால் ஓங்கிக் குத்தினேன், காபி டம்ளர் கவிழ்ந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "தண்ணி எப்படி அடிக்குதுன்னு! தோட்டத்துக்காரரு மூஞ்சியப் பாருங்க!" அப்பாவின் குரல், கம்ப்ரசர் சத்தத்தோடு. போனிலிருந்து இல்லை, கம்ப்யூட்டரிலிருந்தும் இல்லை. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அப்பா கண்ணைத் திறந்து, தான் காட்டிய திசையை இன்னொரு முறை நிதானமாகக் காட்டினார். இப்போதாவது புரிந்ததா என்பது போல என்னைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துச் சித்தப்பா வீடு. அப்பாவுக்குப் பங்காளி, தம்பி முறை. முன்பு ஒரே வீடாக இருந்ததைத்தான் நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரே குலம், அதனால் ஒரே குலசாமி. அவரும் அப்பாவும் ஒன்றாகப் போய் ஒரே கடையில் போன் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கடைக்காரர் போனுக்குப் பெயர் கேட்டபோது இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். என் கம்ப்யூட்டர் கடைசி வரை கண்ணைத் திறக்கவே இல்லை. நான் தொட்டது சித்தப்பாவின் செல்லாண்டியம்மன். வாங்கிக்கொள்ளவா என்று அவர் போன் கேட்டிருக்கும், அனுப்புவதும் அம்மன் என்று கண்டு அவர் சரி என்று தொட்டிருப்பார். பெயருக்குப் பக்கத்தில் போன் படம் சின்னதாக இருந்திருக்கும். சாமியைக் கண்ட சந்தோஷத்தில், அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற நான் அதைக் கவனிக்கவில்லை.

வேறு யாருக்குப் போயிருந்தாலும் எழுந்து போய் வாங்கி வந்திருப்பேன். சித்தப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் வாசலில் சொந்த ரிக் வண்டி நிற்கும்போது, அவர் தன் தோட்டத்தில் போர் போட வேறு ஆளுடைய வண்டியைக் கூப்பிட்டார். அண்ணனுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாராம். அப்பாவுக்கு அது செருப்படி. அன்றோடு போக்குவரத்து நின்றது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட அவர் வாசல் வரை வந்து அம்மாவிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார். அதைவிட மோசமான செய்தி, அந்த வேற்று வண்டி ஓடிய நாளில் அப்பா வேலியோரம் நின்று எடுத்த வீடியோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. அனுப்புவதற்கு முன் அதை நான் பார்த்திருந்தேன். அதில் அப்பா சித்தப்பாவை என்னென்ன சொல்லித் திட்டியிருந்தார் என்பதை இங்கே எழுத முடியாது. சுவருக்கு அப்பால் ஒரு வீடியோ முடிந்து அடுத்தது ஓடியது. பிறகு அடுத்தது. பிறகு சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்து நின்றார். கையில் போன். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்கண்ணி, உள்ள வரலாமுங்களா?" என்றார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "இதென்ன கேள்வி? வாங்க தம்பி" என்றார்.

உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அப்பா முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணா, என்னை அத்தனை பேச்சுப் பேசியிருக்கறீங்க. பேசுங்க, நீங்க பேசாம ஆரு பேசறது? ஆனா கடைசில என்னமோ சொன்னீங்களே, பாயிண்டு தப்பு, வேப்பமரத்துக்கு வடக்கால போட்டிருந்தா தண்ணின்னு. எந்த வேப்பமரமுங்க? தோட்டத்துல ரெண்டு இருக்குதே. அந்தப் போரு ஒரு வருசத்துல வறண்டு போச்சுங்கண்ணா" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அவர் பக்கம் குனிந்தார். "ஆங்... ஆங்..." என்றார். பிறகு இடது கையின் ஒரு விரலை நீட்டித் தரையில் ஒரு கோடு இழுத்து, அதன் ஒரு முனையில் அழுத்திக் காட்டினார். "கெணத்து மேட்டுமேல இருக்கறதுங்களா? செரிங்கண்ணா" என்று சித்தப்பா தலையாட்டினார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தியவள் நான்.

சித்தப்பாவின் போனுக்கு வாய் சுத்தமாக இருந்தது. ஒயரைச் செருகினேன். காற்றில் அனுப்பப் பாடாய்ப்பட்டது எல்லாம் காற்றோடு போக, நான்கடி ஒயரில் அத்தனை வீடியோவும் கம்ப்யூட்டருக்குள் வந்து விழுந்தன. சத்தத்தை ஏற்றி, முதல் வீடியோவைப் போட்டேன். திரையில் அப்பா கத்தினார். நாற்காலியில் இருந்த அப்பா பார்த்தார். அவர் உதடு துடித்தது. அவர் முகம் சிவந்து, இடது கையால் போதும் என்று தள்ளினார். அடுத்ததைப் போட்டேன், அதற்கும் தள்ளினார். மூன்றாவதுக்குத் தலையையே திருப்பிக்கொண்டார். பேச முடியாதவனுக்குப் பேசிக்கொண்டிருந்த தன்னையே காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று போனேன். "வண்டி வேண்டாஞ்சாமி, வேறென்னமாச்சும் போடு" என்றார் சித்தப்பா. கையில் அகப்பட்டதைத் தொட்டேன்.

கோயில் பொங்கல். போனைப் பிடித்துக்கொண்டு அப்பா நடக்கிறார், அவர் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. அடுப்புகளின் வரிசை, புகை, அம்மாவின் இளம்பிள்ளைத் தறிச் சேலை. கேமரா ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்புகிறது. நாற்காலியில் ஆள் இல்லை. அம்மாவின் போனை ஒரு சொம்பில் சாய்த்து நிற்க வைத்திருக்கிறார்கள். அதில் நான். ஐந்தோவன் சமையலறையில், கழுத்தில் கம்பளித் துணியோடு, வீடியோ காலில் சிக்னல் நின்று பாதி திறந்த வாயோடு உறைந்திருக்கிறேன். "எங்க புள்ளையும் பொங்கலுக்கு வந்திருக்குது பாருங்க!" என்று அப்பா கத்துகிறார்.

நாற்காலியில் இருந்த அப்பா முன்னால் சாய்ந்தார். இடது கை திரையை நோக்கி எழுந்தது.

"சாமி" என்றார். அப்புறம், "சாப்ட்டியா?"

குழறல் இல்லை. இத்தனை வருடமாகப் போனை எடுத்ததும் என்னைச் சாமி என்று கூப்பிட்டு அவர் கேட்கும் அதே கேள்வி, அதே இழுப்பு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து ஓடி அவர் காலடியில் உட்கார்ந்து, "சாப்ட்டனுங்கப்பா, சாப்ட்டனுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போனில் பேசும்போது குறுக்கே பேசுகிறவர்களை அடக்குவதற்கு ஒரு கையசைவு வைத்திருப்பாரே, அதை என்னைப் பார்த்துச் செய்தார். அவர் கேட்டது திரையில் இருந்தவளை. கேமரா திரும்பி அவள் மறைந்ததும் அவர் கை இறங்கிவிட்டது. "அப்பா, நான் இங்கதானுங்க இருக்கறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். உதடுகள் முயன்றன. "ஆங்" என்றுதான் வந்தது.

அம்மாதான் சொன்னார். "நீ வெளிய போயிப் போன் பண்ணிப் பாரு சாமி."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளாக அவருக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, ராப்பகலாகப் பக்கத்தில் இருப்பவள் நான். இருந்தும் செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று அம்மாவின் எண்ணுக்கு வீடியோ கால் போட்டேன். சித்தப்பா அந்தப் போனை வாங்கி அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தார். சின்னத் திரையில் அப்பா முகம் மலர்வதைப் பார்த்தேன்.

"சாமி, சாப்ட்டியா?"

அந்தக் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. சமையல்கட்டு ஜன்னல் வழியாக வந்தது முதலில் வந்தது. போனில் வந்தது கொஞ்சம் பிந்தி வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, நான் பிந்தி வந்த குரலுக்குப் பதில் சொன்னேன்.